பழமை உரிமையாகுமா?

பிரான்சின் மேற்கு முனையான பிறெத்தாஞ் பிரதேசத்தின் நாட்டுப்புறங்களில், சந்திகளிலும் வயலோரங்களிலும் கருங்கற் சிலுவைகள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. அவற்றுட் பல சில நூற்றாண்டுப் பழமையுடையன. மதச்சார்பற்ற அரசொன்றின் பொதுவழியில் அவை நிற்பதற்கு நியாயம் யாது?

திருச்சபையையும் அரசையும் பிரித்த 1905 டிசெம்பர் 9 ஆந் திகதிச் சட்டத்தின் 28 ஆம் உறுப்புரை, பொது இடங்களில் மதச் சின்னங்கள் எழுப்பப்படுவதைத் தடுக்கின்றது. இடுகாடு, நூதனசாலை முதலிய சில இடங்களே விலக்கு. ஆனால் அத்தடை ‘இனிமேல்’ எழுப்பப்படுவனவற்றுக்கே உரியது. அவ்வொரு சொல்லின் பலத்திலேயே பழைய சிலுவைகள் நிற்கின்றன எனலாம்.

அச்சொல்லின் கூர்மையை அதே பிரதேசத்துப் புளோயர்மெல் என்னும் ஊர் அறியும். அங்கே 2006 இல், பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரின் சிலையொன்று, சிலுவை தாங்கிய வளைவின் கீழ்ப் பொது இடத்தில் நிறுவப்பட்டது. 2017 ஒக்டோபர் 25 இல் நாட்டின் உச்ச நிருவாக நீதிமன்று, சிலை நிற்க, சிலுவையை மட்டும் அகற்றுமாறு தீர்த்தது. கேட்போர்க்கு இது விந்தையாகவே தோன்றும்.

பழையன இப்போது மதச் சின்னங்களல்ல, மரபுரிமைச் சொத்துக்களே என்பது வழமையான விடை. இவ்விடை எனக்கு உவப்பன்று. அச்சிலுவையின் முன் இன்றும் செபிக்கும் ஒருவரிடம், “உமது நம்பிக்கை கலைப்பொருளாகி விட்டமையால் விட்டுவைத்தோம்” என்று கூறுவதற்கு அது ஒப்பாகும். நெடுங்காலம் நிலைத்தமையால் மட்டும் ஒன்று நியாயமாகிவிடுவதுமில்லை.

சட்டம் கல்லை நோக்கவில்லை, செயலை நோக்குகின்றது என்று கொள்வதே பொருத்தமாகும். இன்று ஒரு நகரசபை சிலுவையை எழுப்பின், நம்பாதவனின் பெயராலும் அது பேசுகின்றது. பழைய சிலுவையை எழுப்பியோர் மாண்டுபோயினர். அதன்மூலம் இன்றைய சபை எதனையும் கூறவில்லை. அதனை இடிப்பதோ இன்றைய செயலாகும்.

எழுப்புதலுமன்றி இடித்தலுமன்றி மூன்றாவதொரு செயலும் உண்டு. புளமர் போடு என்னும் ஊரருகே, சென் உசெக்கில், ஏறத்தாழ 7 மீற்றர் உயரமான நெடுங்கல்லொன்று உளது. கிறிஸ்தவத்துக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முற்பட்ட அக்கல்லின் உச்சியிற் சிலுவையும், முகப்பிற் கிறிஸ்துவின் பாடுகளைக் குறிக்கும் கருவிகளும் 1674 இற் செதுக்கப்பட்டன. பிறர் நட்ட கல்லைத் தமக்காகப் பேசவைத்த அச்செயலை நியாயமெனக் கொள்ள என்னால் இயலவில்லை. ஆயினும் அச்சிலுவையை இன்று செதுக்கி நீக்கினாலும், கல் அதனை நட்டவர்களிடம் மீளப்போவதில்லை. அவர்கள் எதனை எண்ணி நட்டனர் என்று சொல்வதற்கும் எவருமில்லை.