அங்கே உனக்கு என்ன வேலை?

போன வருஷம் என் மாணவி ஒருத்தி, "மேடம், கோவாவில வருஷா வருஷம் புல்லட்காரங்க கூடுறாங்களே, நானும் ஓட்டிக்கிட்டுப் போகணும்" என்றாள். யோசிக்காமல் கேட்டுவிட்டேன்: "அங்கே உனக்கு என்ன வேலை?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. திருக்காட்டுப்பள்ளியில் நான் ஸ்கூட்டரை எடுக்கும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா கல்லணைவரை போய்வரக் கிளம்பினேன். தெருமுனையில் விசாரித்த மாமாவிடம் "மருந்து வாங்க" என்று பொய் சொன்னேன்.

இத்தகைய கூடல்களில் மிகப் புகழ்பெற்றது அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஸ்டர்ஜிஸ் என்ற சிற்றூரில் நடப்பது. 1938இல் உள்ளூர் மோட்டார் சைக்கிள் சங்கம் நடத்திய பந்தயத்தில் ஓட்டியவர்கள் ஒன்பது பேர். இன்று ஒவ்வோர் ஆகஸ்டிலும் லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். 2015இல் அது 7 லட்சத்தைத் தாண்டியது. வந்து என்ன செய்கிறார்கள்? அடுத்தவர் வண்டியைப் பார்க்கிறார்கள், மலைச்சாலைகளில் சுற்றுகிறார்கள், திரும்புகிறார்கள். காரணம் சொல்ல வேண்டாம் என்பதே அதன் ஈர்ப்பு.

பெண்ணின் சக்கரத்துக்கோ எப்போதும் ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது. 1916இல் அகஸ்டா, அட்லின் வான் பியூரன் சகோதரிகள் மோட்டார் சைக்கிளில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்தார்கள். ராணுவத்துக்குச் செய்தி கொண்டுசெல்லப் பெண்களாலும் முடியும் என்று காட்டுவது நோக்கம். ஆண் உடை அணிந்ததற்காக வழியில் கைதானார்கள். நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. 1992 மகளிர் தினத்தையொட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் நகரில் ஊர்வலமாக ஓட்டினார்கள். எழுத்தறிவு, தண்ணீர், பிழைப்பு என்று அதற்கும் பயன் சொல்லப்பட்டது. 2018இல் வந்த அம்மா இருசக்கர வாகனத் திட்டம், பாதி விலையை, அதிகபட்சம் 25,000 ரூபாயை, மானியமாகத் தந்தது; வேலைக்குப் போகும் பெண்களுக்கு.

இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. இவை இல்லாமல் என் ஸ்கூட்டரும் இல்லை. ஆனால் காரணம் காட்டிப் பெற்ற உரிமை, காரணம் தீர்ந்ததும் பறிபோகிறது. கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்ட எத்தனை பெண்களின் வண்டி இன்று கணவரின் வண்டி!

நடவுக்குப் போகிறவளுக்கு, பெட்ரோல் விற்கிற விலையில், சும்மா சுற்றுவது ஆடம்பரம் இல்லையா என்று கேட்கலாம். ஆடம்பரம்தான். ஆனால் அதே வீட்டு ஆண் சும்மா கடைத்தெருவரை போய்வருவதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. கையில் காசில்லாதது ஒரு தடை. காரணம் கேட்கப்படுவது வேறொரு தடை. முதலாவது நீங்கினாலும் இரண்டாவது நீங்குவதில்லை. எனக்குச் சம்பளம் வருகிறது. அப்படியும் பொய் சொன்னேன். அதைவிட மோசம், அந்தக் கேள்வியை இன்னொரு பெண்ணிடம் நானே கேட்டது.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன்: "லைசென்ஸ் எடுத்துட்டியா? நல்ல ஹெல்மெட் இருக்கா? கூட யார் ஓட்டிக்கிட்டு வர்றாங்க?"