அறிந்தவனுக்கு ஆசனம் இல்லையா?

சட்டம் படித்தவன் சாட்சியை மடக்கலாம், மணிக்கணக்கில் வாதாடலாம், நீதிபதியாகவும் உயரலாம். ஆனால், மக்களில் ஒருவனாக ஜூரியில் அமர்ந்து, 'குற்றவாளி' என்றோ 'நிரபராதி' என்றோ சொல்ல மட்டும் ஆகாதாம்! அமெரிக்காவில் ஜூரிக்கு ஆள் பொறுக்கும் நாளன்று, அழைப்பை மதித்து வந்து நிற்கும் வழக்கறிஞரை, காரணம் கூறாமலே ஏதேனும் ஒரு தரப்பு விலக்கி வீட்டுக்கு அனுப்புவது வாடிக்கை. நேர்மையற்றவர் என்பதாலா? அல்ல தோழர்களே, அவருக்குத் தெரியும் என்பதால்!

இந்நாட்டிலும் ஜூரி இருந்தது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஜூரிக் கடமையிலிருந்து விலக்குப் பெற்றோரைப் பட்டியலிட்டது. தொழில் நடத்தும் வழக்கறிஞர் அதில் உண்டு; மருத்துவர் உண்டு; பூசை நடத்தும் புரோகிதரும் உண்டு! வேதம் ஓதுபவருக்கும் சட்டம் ஓதுபவருக்கும் ஒரே பட்டியல். வெள்ளையன் வேடிக்கைக்காக எழுதியதல்ல. எனினும் பொருத்தத்தைப் பாருங்கள்!

வழக்கறிஞர் ஒருவர் உள்ளே இருந்தால் அவர் சொல்லுக்கு மற்றவரெல்லாம் தலையாட்டிவிடுவர் என்பதே அச்சம். வெற்று அச்சம் என்று அதைத் தள்ளிவிட மாட்டேன். ஆவடியில் நான் பாடம் நடத்தும் வகுப்பில், கெட்டிக்கார மாணவன் வாய் திறந்ததும் மற்றவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகின்றனர். அதற்காக அவனையா வெளியேற்றுவது? 'ஏன் அப்படிச் சொல்கிறாய்?' என்று அவனைக் கேட்க அல்லவா மற்றவரைப் பழக்க வேண்டும்! இங்கிலாந்து 2004இல் வழக்கறிஞருக்கு மட்டுமன்றி நீதிபதிக்கும் ஜூரிக் கதவைத் திறந்தது. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

சட்டம் அறியாதவன் நடுநிலையாளன் என்பது என்ன கணக்கு? 1945இல் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணரையும் பாகவதரையும் குற்றவாளிகள் என்றது சென்னை ஜூரி. 1947இல் இருவரும் விடுதலையாயினர். 1959இல் பம்பாயில், மனைவியின் காதலனைச் சுட்டுக்கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியை 8க்கு 1 என்று ஜூரி விடுவித்தது. பிளிட்ஸ் ஏடு அவர் பக்கம் நின்று முழங்கிக்கொண்டிருந்தது. சட்டம் புகாத மூளையில் செய்தித்தாள் புகாதா? தீர்ப்பை ஏற்க நீதிபதி மறுத்தார். உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமற் போயிற்று.

தீர்ப்பு முழுவதும் சட்டமறிந்தோர் கைக்கு வந்தது. பிழை போயிற்றா? நம் பூவிருந்தவல்லிக்கே வாருங்கள். இராசீவ் காந்தி கொலை வழக்கை இங்கே தனி நீதிமன்றம் மூடிய கதவுக்குள் விசாரித்தது. 1998 சனவரி 28 அன்று, 26 பேருக்கும் தூக்கு! மறு ஆண்டு உச்சநீதிமன்றம் 4 பேருக்கு மட்டுமே தூக்கை உறுதி செய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனை. 19 பேர் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டனர். கற்றறிந்தவர்தாம் தீர்ப்பளித்தார், ஆனால் தனித்திருந்தார். சட்டம் அறிந்த ஒருவரும் அறியாத பதினொருவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, 26 பெயர்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, 'இவருக்கு ஏன்?' என்று கேட்டிருந்தால், அந்த 19 பேரில் எத்தனை பேர் ஓராண்டுக் காலம் தூக்குக் கயிற்றை எண்ணிக் கிடந்திருப்பர்?