மூடுபனியில் தொங்கிய விமானம்

 

இன்னைக்குத் தலபுராணம் இல்ல, ஒரு விமான விபத்து. கொஞ்சம் பொறுமையா படிங்க.

2022 நவம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவுல மேரிலாந்து மாநிலம், கெய்தர்ஸ்பர்க்னு ஒரு ஊர். மணி சாயங்காலம் 5:40தான், ஆனா அங்கே நவம்பர்ல அதுக்குள்ள நல்லா இருட்டிடும். மூடுபனி வேற. நியூயார்க் பக்கமிருந்து ரெண்டு பேரோட வந்த ஒத்தை இன்ஜின் குட்டி விமானம், ஓடுபாதைக்கு ஒரு மைலுக்குக் கொஞ்சம் கூடுதலா தூரம் இருக்கும்போதே உயரழுத்த மின்கோபுரத்துல மோதிடுச்சு. தரையிலிருந்து சுமார் 100 அடி உயரத்துல, அப்படியே சிக்கித் தொங்கிச்சு. ஊர்ல பல்லாயிரம் வீட்டுக்குக் கரண்ட் போச்சு.

உள்ளே இருந்த ரெண்டு பேருக்கும் உயிர் இருந்தது. ஆனா உடனே யாரும் மேலே ஏற முடியாது. லைன்ல மின்சாரம் இல்லைன்னு உறுதி பண்ணணும், எர்த் பண்ணணும், விமானத்தைக் கோபுரத்தோட சேர்த்துக் கட்டணும். அதுக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆச்சு. குளிர்ல, காயத்தோட, போன்ல மட்டும் கீழே இருக்கறவங்ககிட்ட பேசிக்கிட்டு அந்த ரெண்டு பேரும் காத்திருந்தாங்க. நடுராத்திரி தாண்டித்தான் இறக்கினாங்க. பிழைச்சுட்டாங்க.

ஏன் மோதிச்சு? கருவியைப் பார்த்து இறங்கும்போது, வழியில ஒவ்வொரு கட்டத்துக்கும் இவ்வளவு உயரத்துக்குக் கீழே வரக்கூடாதுன்னு ஒரு கணக்கு உண்டு. கடைசிக் கணக்கு வரைக்கும் வந்தும் ஓடுபாதை விளக்கு தெரியலன்னா, மறுபடி மேலே ஏறிடணும். சுத்தி வந்து இன்னொரு தடவை பார்க்கலாம், இல்லைன்னா வேற ஊர்ல இறங்கலாம். அன்னைக்கு விமானம் அந்த உயரத்துக்குக் கீழே போயிடுச்சு. அந்தப் பைலட்டைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஏன்னு சொல்றேன்.

போன வருஷம் தைப்பூசத்துக்கு முன்னாடி, சித்தப்பா பையனோட பழனிக்கு ராத்திரியில பைக்ல கிளம்பினேன். ஒட்டன்சத்திரம் தாண்டினதும் பனி. ஹெட்லைட் போட்டா வெள்ளைத் துணி கட்டின மாதிரி இருக்கு. பின்னாடி இருந்து அவன், "அண்ணா, நிறுத்தி ஒரு டீ குடிச்சுட்டு, வெளிச்சம் வந்ததும் போவோம்ணா"ன்னான். "முருகன் பார்த்துப்பான்டா, கம்முனு உட்காரு"ன்னேன். காலபூஜைக்குள்ள போய்ச் சேர்ந்தே ஆகணும்னு எனக்கு ஒரு வெறி. அதை நான் பக்தின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

ரோட்டோரம் கொட்டியிருந்த மணல்ல ஏறி விழுந்தோம். எனக்கு முழங்கையில சிராய்ப்பு. அவனுக்குக் காறை எலும்பு உடைஞ்சுது. என் வண்டி டேங்க்ல வேல் ஸ்டிக்கர் பளபளன்னு அப்படியே இருந்தது.

வேல்னா ஞானம்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்க. அடி ஆழம், நடு அகலம், நுனி கூர்மை. அறிவு அப்படி இருக்கணும்னுதான் அந்த வடிவம். அதை ஸ்டிக்கரா ஒட்டிக்கிட்டு, கண்ணு தெரியாத பனியில ஆக்சிலேட்டரைத் திருகினவன் நான். பொறுப்பை அவன் தலையில போட்டுட்டு என் இஷ்டத்துக்குப் போறதுக்கு சரணாகதின்னு பேர் வச்சிருந்தேன்.

ஆஸ்பத்திரியில தம்பி கோபமே படல. அதுதான் இன்னும் வலிக்குது. கட்டுப் போட்டுக்கிட்டு இருக்கும்போது மெதுவா சொன்னான்: "முருகன் பார்த்துக்கிட்டுதான்ணா இருந்தான். டீ குடிக்கலாம்னு என் வாயால சொன்னது யாருன்னு நினைச்சீங்க?"

இந்தத் தைப்பூசத்துக்கும் போறோம். விடிஞ்ச பிறகுதான் கிளம்பறோம். வண்டி அவன் ஓட்டறான், நான் பின்னாடி.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!