அறியாத குறையும் அறிந்த குறையும்



ஒரு பூனைக்குட்டி இறந்ததைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் சிலர் நகைக்கக்கூடும். கடன் வசூல், கடை வாடகை, சரக்கு விலை என்று எத்தனையோ கவலைகள் இருக்க இது ஒரு விஷயமா என்று கேட்கலாம். சிறுவர் அபூ உமைர் வளர்த்த சின்னஞ்சிறு பறவை இறந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தப் பறவையைப் பற்றி அவரிடம் பரிவோடு விசாரித்தார்கள் என்பதை நாம் மதரஸாவில் கேட்டிருக்கிறோம். நிற்க, நான் சொல்ல வந்தது பூனையின் சங்கதி மட்டுமன்று. வாங்கி விற்கும் நம் எல்லோருடைய சங்கதியும் ஆகும்.

உலு திராமில் நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். என் இளைய மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் வெகுநாள் கேட்டதற்கிணங்க மேய்ன் கூன் என்னும் ஜாதிப் பூனைக்குட்டி ஒன்றை ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கினேன். அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியிலுள்ள மேய்ன் மாநிலத்தில் தோன்றிய ஜாதி அது. உடல் பெரிது, ரோமம் அடர்த்தி, குணம் சாது. விற்றவர் தாய்ப் பூனையையும் தகப்பன் பூனையையும் காட்டினார். நல்ல சரக்காகப் பார்த்து வாங்கினோம் என்று நானும் திருப்திப்பட்டேன். கோத்தா திங்கியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் சிநேகிதர் ஒருவர் அதைக் கண்டு ஆசைப்பட்டார். அவரைக் காக்கா என்றே அழைப்பேன். அதனுடன் பிறந்த பெண்குட்டியை நானே பேசி அவருக்கு வாங்கிக் கொடுத்தேன்.

குட்டிக்குப் பத்து மாதம் ஆனது. ஒரு நாள் சுபுஹு தொழுதுவிட்டு வந்தபோது அது வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பின்னங்கால்கள் இரண்டும் இழுபட்டன. அது போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஜோகூர் பாருவில் மிருக டாக்டரிடம் கொண்டு ஓடினோம். இருதயத்தை ஸ்கேன் எடுத்துக் காட்டினார். பூனையின் இருதயத்தில் இடது கீழறையின் சுவர் 6 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கவேண்டுமாம். இதற்கு அதைவிட வெகுவாகத் தடித்திருந்தது. தடித்த இருதயம் சரியாக விரியாது. இரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி பின்னங்கால்களுக்குப் பிரியும் இரத்தக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அன்று அஸருக்கு முன் அது இறந்துவிட்டது.

“நாம சரியாப் பாத்துக்கலையா வாப்பா?” என்று மகள் கேட்டாள்.

இல்லை, அது பிறக்கும்போதே கொண்டுவந்த குறை என்றார் டாக்டர். 2005-ம் வருஷத்தில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இந்த ஜாதியில் ஒரு மரபணுப் பிழையைக் கண்டுபிடித்தார்கள். மேய்ன் கூன் பூனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இதைச் சுமக்கிறது. தாய் தகப்பனில் ஒன்றிடமிருந்து மட்டும் பெற்றவற்றில் பல, முழு ஆயுளும் வாழ்ந்துவிடும். இரு பக்கமிருந்தும் பெற்றவற்றுக்கோ நோய் சீக்கிரத்திலும் கடுமையாகவும் வரக்கூடும். எங்கள் குட்டி அப்படிப்பட்டதாகவே இருக்கும் என்று அவர் எண்ணினார். 2007-ல் ராக்டால் என்னும் இன்னொரு ஜாதியிலும், அதே மரபணுவில் வேறோர் இடத்தில் பிழை கண்டார்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துப் பரிசோதித்தால் இதை அறியலாம். ஆனால் நோய்க்கு வேறு காரணங்களும் உண்டாதலால், ஸ்கேனும் பார்ப்பதே உத்தமம்.

மனிதரும் இதற்கு விலக்கல்லர். அதே மரபணுவில் ஒரு குறையை இந்திய உபகண்டத்து மக்களில் நூற்றுக்குச் சுமார் 4 பேர் சுமக்கிறார்கள் என்று 2009-ல் ஹைதராபாத் விஞ்ஞானிகளும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்டார்கள். நம்மில் யாரும் அதை வேண்டிப் பெற்றதில்லை. பெற்றோரை நோவதும் நியாயமில்லை. அது அல்லாஹ்வின் நாட்டம் என்று பொறுக்கிறோம். ஆனால் ஜாதிப் பூனையின் விஷயம் வேறு. எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்ப்பது என்று தீர்மானிப்பவர் மனிதர். அதில் வரும் பணமும் மனிதருக்கே. ஆகவே விதி என்ற ஒரு சொல்லில் கணக்கை மூடிவிட முடியாது.

விற்றவரிடம் சொன்னேன். அவர் மெய்யாகவே வருத்தப்பட்டார். அப்படி ஒரு குறை இருப்பதே தமக்குத் தெரியாது என்றார். அடுத்த ஈற்றில் ஒரு குட்டி இனாமாகத் தருவதாகவும் சொன்னார். சரக்கில் முன்பே இருந்த குறை பின்னால் வெளிப்பட்டால் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்று ஃபிக்ஹில் ஓதியிருக்கிறோம். வண்டு விழுந்த அரிசி மூட்டைக்கு வேறு மூட்டை என்றால் நானும் பெற்றுக்கொள்வேன். ஆனால் அதே தாய்க்கும் அதே தகப்பனுக்கும் பிறக்கப்போகும் குட்டியை எப்படிப் பெறுவது? பரிசோதித்தீர்களா என்று கேட்டேன். வாங்க வருகிற யாரும் அதைக் கேட்பதில்லை என்றார். நானுங்கூடக் கேட்டதில்லையே! வாலின் அழகைக் கேட்டேன்; இருதயத்தைக் கேட்கவில்லை. அவர் அதுவரை அறியாதவர். அந்த நிமிஷம் முதல் அறிந்தவர். அறியாதவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இனி விற்பதற்கு முன் அவர் என்ன சொல்வார் என்பதே கேள்வி.

இப்படி எண்ணிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தபோது, அதே கேள்வி என் பக்கம் திரும்பியது. நானும் இப்போது அறிந்தவன் அல்லவா? காக்கா வீட்டில் இருப்பது இதனுடன் பிறந்தது. சொன்னால் ஒரு குடும்பத்தின் சந்தோஷம் கெடும். ஒருவேளை அந்தக் குட்டிக்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். மேலும் வாங்கிக் கொடுத்தவன் நான். என் பெயரும் கெடும். இப்படியெல்லாம் காரணம் கூறி மூன்று நாள் மௌனமாக இருந்தேன்.

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் தானியக் குவியலின் சம்பவம் நமக்கெல்லாம் தெரிந்ததே. நபியவர்கள் கடைவீதியில் குவியலுக்குள் கையை விட்டார்கள்; உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. ஜனங்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசம் செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். சிறுவயதில் ஓதியபோது விளங்காத ஒன்று இப்போது விளங்கிற்று. மழை பெய்ததற்காக அந்த மனிதர் கண்டிக்கப்படவில்லை. ஈரத்தை அடியில் வைத்ததற்கே கண்டிக்கப்பட்டார்.

ஜும்ஆ தொழுதுவிட்டுக் கோத்தா திங்கிக்குப் போனேன். காக்கா முழுவதும் கேட்டார். “இதைச் சொல்ல மூணு நாளாச்சா?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு பரிசோதனை செய்தார்கள். அந்தக் குட்டிக்கு ஒரு பக்கத்துக் குறை உண்டு. ஸ்கேனில் இருதயம் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. இனி வருஷந்தோறும் பார்க்கவேண்டும். குறை அடுத்த தலைமுறைக்குப் போகாதிருக்கக் கருத்தடையும் செய்துவிட்டார்கள். பரிசோதனை முடிவை விற்றவருக்கும் தெரிவித்துவிட்டேன். அவர் செய்வது அவர் கணக்கு. இனாம் குட்டியை நான் வாங்கவில்லை.

நம் கடைகளில் பூனை விற்பதில்லை. வேறு எத்தனையோ விற்கிறோம். வாங்கும்போது நமக்குத் தெரியாதிருந்த குறை, விற்கும்போது தெரிந்துவிடுவது எத்தனை தடவை! அப்போது வாயைத் திறப்பதா, மூடுவதா என்று ஒருகணம் தயங்குகிறோமே, அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதினேன்.

கோத்தா திங்கியிலிருந்து திரும்பிய இரவு மகள் விழித்திருந்தாள். “சொல்லிட்டீங்களா வாப்பா?” என்றாள். சொல்லிவிட்டேன் என்றேன். பிறகுதான் உறங்கினாள்.