ஃபின்ஸ் முனையில் ஒரு எல்லை

டெலவேர் ஆறு கடலை நெருங்கி அகலமாகும் இடத்தில், நியூ ஜெர்சிக் கரையிலிருந்து ஒரு நிலமுனை நீருக்குள் நீண்டிருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன் குடியேற்றத்தோடு வந்த பின்லாந்துக்காரர்களின் பெயரால் அது ஃபின்ஸ் பாயின்ட். பார்வைக்கு நாணல் மண்டிய ஒரே நிலம்தான். ஆனால் அதன் ஆற்றோரப் பகுதி, அக்கரையில் இருக்கும் டெலவேர் மாநிலத்தைச் சேர்ந்தது. டெலவேர்வாசி ஒருவர் கால் நனையாமல் அந்தத் துண்டுக்குப் போக நினைத்தால், நியூ ஜெர்சி மண்ணை மிதித்துத்தான் போயாக வேண்டும்.

*

1682இல் யார்க் கோமகன் வில்லியம் பென்னுக்கு எழுதிக்கொடுத்த பத்திரத்தில் தொடங்குகிறது இந்த விநோத எல்லை. டெலவேரின் நியூ காஸில் ஊரைச் சுற்றி 12 மைல் ஆரமுள்ள வட்டம். இரு மாநிலங்களுக்கு நடுவே ஆறு ஓடினால் எல்லை பெரும்பாலும் ஆற்றுக்குள்ளேயே எங்காவது போகும். இங்கே வட்டத்துக்குள் வரும் நீர் முழுவதும், எதிர்க்கரையில் நீர் வற்றி நிற்கும் விளிம்புவரை, டெலவேருக்கு.

அந்த அக்டோபரில் பென் நியூ காஸிலில் வந்திறங்கியபோது, நிலம் கைமாறியதற்கு அடையாளமாகச் சிறு குச்சி செருகிய புல்மண் கட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். கூடவே ஒரு கிண்ணத்தில் ஆற்றுநீரும் மண்ணும். அந்தக் கிண்ணத்தை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. கையில் வாங்கும்போது நீர் கலங்கியிருக்கும். சற்று நேரம் வைத்திருந்தால் வண்டல் அடியில் படிந்திருக்கும். எது நீர், எது நிலம் என்று அதற்குள் யாரும் பிரிக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே கொடுத்தார்கள், சேர்த்தே வாங்கிக்கொண்டார். பிரிக்கும் வேலையெல்லாம் பின்னால் வந்தது.

*

நியூ ஜெர்சி நெடுங்காலம் வழக்காடியது. 1934இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ எழுதிய தீர்ப்பு வட்டத்துக்குள் டெலவேரின் உரிமையை உறுதி செய்தது. வட்டத்துக்குத் தெற்கே கப்பல் கால்வாய் எல்லையானது. ஓர் எரிவாயு முனையத்துக்காக வழக்கு மறுபடி எழுந்தபோதும் 2008இல் டெலவேரின் பக்கமே தீர்ந்தது.

*

ராணுவப் பொறியாளர் படை கப்பல் பாதையை ஆழப்படுத்தத் தோண்டிய சேற்றை இந்த முனையின் ஓரத்தில் கொட்டியது. நீர் இருந்த இடம் மேடாயிற்று. கில்கோஹுக் என்று அதற்குப் பெயர். 1934இல் பறவைகளுக்கான காப்பிடமாகவும் ஆக்கினார்கள், 1998இல் அந்தத் தகுதியை நீக்கினார்கள்.

ஆறு தானே சிறுகச் சிறுக வண்டல் சேர்த்துக் கரையை வளர்த்தால் எல்லையும் கூடவே நகரும். மனிதர் கொண்டுவந்து கொட்டினால் நகராது. சட்டத்தின் இந்த நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆற்றின் பொறுமைக்கு அது ஓர் இடம் தருகிறது. நம் அவசரத்துக்குத் தரவில்லை. அதனால்தான் எல்லை இன்றும் பழைய நீர்விளிம்பிலேயே நிற்கிறது. விளிம்பு இல்லை, நீரும் இல்லை. இரு பக்கமும் நாணல்.

*

அருகிலேயே மயானம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஆற்று நடுவே பீ பேட்ச் தீவில் உள்ள டெலவேர் கோட்டை சிறையாக இருந்தது. அங்கே நோயில் மாண்ட தெற்குப் படைக் கைதிகளைப் படகில் ஏற்றி இந்த முனைக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள். 2,436 பேர். அடிமைமுறையைக் காக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்த மாநிலங்களுக்காகப் போரிட்டவர்கள். யார் எங்கே கிடக்கிறார் என்பது தெரியாது. 1910இல் எழுப்பிய 85 அடித் தூணின் அடியில் வெண்கலத் தகடுகளில் பெயர்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. டெலவேரில் இறந்தவர்கள், படகு கரைதட்டிய இடத்தில் அவர்களுக்கு மாநிலம் மாறியது.

கோட்டையில் இறந்த 135 வடக்குப் படையினருக்கும் இங்கே நினைவுச் சின்னம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் கைதிகளாக இறந்த 13 ஜெர்மானியரும் இங்கேதான். எல்லை இந்த மயானத்தின் ஊடே போகவில்லை. அதில் எனக்கு ஒரு நிம்மதி.