கைமாறும் குவாரியும் கைமாறாத கடனும்

காந்திபுரத்தில் ஒரு கட்டிடம் எழும்போது நாம் அண்ணாந்து பார்க்கிறோம். அது எழுவதற்காக வேறோரிடத்தில் தோண்டப்பட்ட பள்ளத்தை நினைப்பதில்லை. கோவையின் கட்டுமானங்களுக்கு வேண்டிய ஜல்லி மதுக்கரை, கிணத்துக்கடவு, சூலூர் வட்டாரங்களின் கல் குவாரிகளிலிருந்து வருகிறது. அத்தகைய குவாரிகள் சில வேளை விலைக்குக் கைமாறுகின்றன. சில வேளை கூட்டாளிகளிடையே பிரிகின்றன. சில வேளை தந்தையிடமிருந்து மக்களுக்கு வந்து சேர்கின்றன. அப்போது குத்தகைப் பத்திரம், சுற்றுச்சூழல் இசைவு, வெடிமருந்து உரிமம் எனத் தாள்கள் பலவற்றின் பெயரைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. தாளில் பெயர் மாறியதும் பொறுப்பும் மாறிவிட்டதா என்பதே நாம் இங்கு சிந்திக்க விரும்பும் வினா.

சட்டம் இதனைக் கருதாமல் இல்லை. சுற்றுச்சூழல் இசைவைப் புதியவர் பெயருக்கு மாற்ற 2006-ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கை வழி செய்தது. ஆயின் முதலில் விதித்த நிபந்தனைகளில் ஒன்றும் குறையாமல், எஞ்சிய காலத்திற்கு மட்டுமே. 5 ஹெக்டேருக்கு உட்பட்ட சிறு குவாரிகளுக்கும் இவ்விசைவு தேவை என்று உச்சநீதிமன்றம் 2012-இல் ஆணையிட்டது.

இதனினும் நுட்பமான விதி ஒன்று உண்டு. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின் கீழ், நிலக்கரியும் எண்ணெயும் அல்லாத சுரங்கங்களுக்கென 1961-இல் ஒழுங்குமுறைகள் வகுக்கப்பட்டன. உரிமை மாறினால் 7 நாட்களுக்குள் வரைபடங்கள், பதிவேடுகள், அறிக்கைகள், கடிதங்கள் யாவற்றையும் பழையவர் புதியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், ஒப்படைத்ததை இருவருமே எழுத்து மூலம் ஆய்வு அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அவை பணித்தன. கொடுத்தவரும் சொல்ல வேண்டும். பெற்றவரும் சொல்ல வேண்டும். இருவர் வாயும் கேட்கப்படுவதன் கருத்து என்ன?

பாறையின் வரலாறு பாறையைப் பார்த்த மாத்திரத்தில் விளங்குவதன்று. வெடிக்காமல் நின்றுபோன துளை எங்கே இருக்கிறது, சென்ற மழையில் எந்த முகப்பில் வெடிப்புக் கண்டது, 6 மீட்டருக்கு மேற்படாமல் விட வேண்டிய படி எந்த இடத்தில் செங்குத்தாக வெட்டப்பட்டது என்பன அங்கே உழைத்தவர்களும் அவர்கள் எழுதிய ஏடுகளுமே அறிந்த செய்திகள். மேலும், மேலாளர், மேஸ்திரி, வெடி வைப்பவர் ஆகியோரின் தகுதிச் சான்றிதழ் அவரவர் அறிவுக்குக் கிடைத்தது. நிலத்தோடு சேர்த்து அதனை விற்கவும் இயலாது, வாங்கவும் இயலாது.

நமது ஃபிக்ஹு நூல்களில் 'ஹவாலா' என்றொரு பாடம் உண்டு. இன்று செய்தித்தாள்களில் கள்ளப்பணத்திற்குப் பெயராகிவிட்ட இச்சொல், உண்மையில் ஒருவர் பட்ட கடனை மற்றொருவர் பொறுப்பில் மாற்றிவிடுவதைக் குறிப்பதாகும். அதற்கு ஹனபி, ஷாபிஈ மத்ஹபுகள் இரண்டும் இடும் நிபந்தனை, கடன் கொடுத்தவரின் சம்மதம். கடனாளிகள் இருவரும் தமக்குள் பேசி முடித்துக்கொண்டால் போதாது. அன்றியும், கடனை ஏற்றவர் அதனை மறுத்துவிட்டாலோ, ஒன்றுமில்லாமல் இறந்துவிட்டாலோ, கடன் கொடுத்தவர் முதலாமவரிடமே திரும்பி வரலாம் என்பது ஹனபி மத்ஹபின் தீர்ப்பு.

இந்த அளவுகோலைக் குவாரிக்கு வைத்துப் பார்ப்போம். அங்கே கடன்பட்டவர் உரிமையாளர். கடன் கொடுத்தவரோ பள்ளத்தில் இறங்கும் தொழிலாளி. அவர் தந்திருப்பது பணமன்று. தமது உயிரை நம்பி ஒப்படைத்திருக்கிறார். அது ஓர் அமானிதம். உரிமை மாறும் நாளில் விற்பவரும் வாங்குபவரும் அதிகாரியும் கையொப்பமிடுகின்றனர். அவரிடம் மட்டும் எவரும் எதுவும் கேட்பதில்லை. புதிய முதலாளியின் பெயரே அவருக்குச் சம்பள நாளில்தான் தெரியவரக்கூடும்.

"விற்றுவிட்டேன், இனி எனக்கென்ன?" என்று பழையவர் கேட்கலாம். "நேற்று வந்தவன் நான்; முன்னவர் வெட்டியதற்கு நானா பொறுப்பு?" என்று புதியவர் கேட்கலாம். இரண்டிலும் ஓரளவு நியாயம் இருக்கவே செய்கிறது. விற்றவரை ஆயுள் முழுதும் பிணைத்து வைப்பது நீதியாகாது. ஆனால் குறையை மறைத்து விற்பது ஒரு துணிக்கே ஆகாதென்றால், மனிதர் தலைக்கு மேல் நிற்கும் பாறைக்கு எங்ஙனம் ஆகும்? அறிந்த யாவற்றையும் சொல்லி ஒப்படைத்தவர் விடுபடுகிறார். அவர் மறைத்தது மட்டும் அவரோடேயே தங்கிவிடுகிறது. புதியவரோ, பள்ளத்தின் வருவாய் தமதாகும் நாள்முதல் அதன் ஆபத்தும் தமது என்று கொள்ளக் கடமைப்பட்டவர். வாரிசுகளுக்கும் இதுவே பொருந்தும். இறந்தவரின் கடனைத் தீர்த்த பின்னரே பாகப்பிரிவினை என்பதை நாம் அறிவோம். சரிந்து நிற்கும் ஒரு முகப்பைச் சீர்செய்யும் செலவும் அத்தகைய கடனே அன்றோ?

2022-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் இரவு, திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்துக் குவாரியில் பாறை சரிந்து 6 பேர் சிக்கினர். 4 பேர் மாண்டனர். சரிகின்ற பாறை பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதென்று பார்ப்பதில்லை.

2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, சுரங்கச் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களைத் தன்னுள் அடக்கியது. சட்டத்தின் பெயரும் இவ்வாறு மாறும். மாறாமல் நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. குவாரி கைமாறும் அன்று ஒரு வேளை வேலையை நிறுத்தி, பழையவரும் புதியவரும் தொழிலாளர் முன் நின்று, எந்த இடம் ஆபத்தானது, யார் இனிப் பொறுப்பு என்பதை அவர்கள் மொழியில் வாய்விட்டுச் சொல்லட்டும். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை தரட்டும். அதன் பிறகு பத்திரத்தில் கையொப்பமிடுவதில் தடையொன்றுமில்லை.