வெளியேறும் வழி

சென்னை திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலில் காலை மணி அடித்து ஓய்ந்ததும் கடற்கரைப் பக்கம் நடப்பது என் வழக்கம். இன்று கால்கள் தீயணைப்பு நிலையம் இருக்கும் பக்கம் போயின. சிவப்பு வண்டி முகத்தைத் தெருவுக்குக் காட்டி நின்றிருந்தது. எந்த ஊரிலும் அது அப்படித்தான் நிற்கும். வேலை முடிந்து திரும்பும்போது ஓட்டுநர் பெரும்பாலும் பின்பக்கமாகவே உள்ளே விடுவார். அடுத்த அழைப்பு வரும்போது வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

நம் வீடுகளில் திண்ணை, நிலைப்படி, மாவிலைத் தோரணம் எல்லாமே உள்ளே வருகிறவரை நினைத்து அமைத்தவை. இந்தக் கட்டடம் வெளியே போகிறவரை நினைத்துக் கட்டியது.

*

இதைப் போய்ப் பாரம்பரியம் என்றால் சிரிப்பார்கள். நமக்குப் பாரம்பரியம் என்றால் கருங்கல், இல்லாவிட்டால் செங்கல்லும் கும்மட்டமும். கான்கிரீட்டும் சன்ஷேடும் துளைபோட்ட ஜாலிச் சுவரும் மொசைக் தரையும் அரசு ஆபீஸ் என்ற கணக்கில் போய்விடுகின்றன. வரைந்தவர் பெயர்கூடச் சுவரில் இருக்காது.

டெல்லியில் ராஜ் ரேவல் வடிவமைத்து, மகேந்திர ராஜ் கட்டுமானக் கணக்கு போட்ட ஹால் ஆஃப் நேஷன்ஸ் 1972இல் திறந்தது. பெயரும் புகழும் உள்ள கட்டடம்தான். 2017 ஏப்ரலில் ஒரே இரவில் இடித்துத் தள்ளினார்கள். 60 வயது ஆகாததைப் பாரம்பரியமாகக் கருத முடியாது என்பது அங்கே சொன்ன காரணம். அதற்கு வயது 45. நம் ஊரில் மனிதனுக்கு அறுபதாம் கல்யாணம் செய்து வைக்கிறோம். அந்த வயதுவரை கட்டடத்தை விட்டுவைக்க மட்டும் மனம் வருவதில்லை. பெயருள்ளதற்கே அந்தக் கதி என்றால், பெயரில்லாத தீயணைப்பு நிலையத்துக்கு யார் வழக்குப் போடுவார்கள்?

*

தீயணைப்பு நிலையத்தைப் பாதுகாத்த ஊரும் உண்டு. சிங்கப்பூர் ஹில் ஸ்ட்ரீட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மத்திய தீயணைப்பு நிலையம் இருக்கிறது. சிவப்புச் செங்கல், இடையிடையே வெள்ளைப் பட்டைகள். ரத்தமும் கட்டுத்துணியும் என்று அந்தப் பாணிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர், தொழிலுக்கும் பொருந்திப்போயிற்று. 1998இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். அங்கிருந்து வண்டிகள் இன்றும் புறப்படுகின்றன.

அந்த நிலையத்தின் கோபுரம்தான் என்னை யோசிக்க வைத்தது. ஊரில் எங்காவது புகை எழுகிறதா என்று மேலேறிப் பார்ப்பதற்கு அது என்பது எல்லாரும் ஊகிப்பது. இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. அந்தக் காலத்து ஹோஸ், கித்தான் துணியில் நெய்தது. நனைந்ததைச் சுருட்டி வைத்தால் மக்கிவிடும். நீளமான குழாயைத் தொங்கவிட்டு உலர்த்த உயரம் வேண்டும். ஆக, கம்பீரமாக நிற்கும் அந்தக் கோபுரம் ஒரு வகையில் துணி உலர்த்துகிற கொடி. நெட்டுக்குத்தாக நிற்கிறது, அவ்வளவுதான். பின்னாளில் செயற்கை இழைக் குழாய் வந்தது. உலர்த்தும் கோபுரங்களுக்கு வேலை குறைந்துபோயிற்று.

1968இல் அமெரிக்காவின் கொலம்பஸ் என்ற சிற்றூரில் ராபர்ட் வெஞ்சுரி கட்டிய நான்காம் எண் நிலையத்திலும் ஹோஸ் உலர்த்தும் கோபுரமே நடுநாயகம். அதன் உச்சியில் பெரிதாக 4 என்று போட்டார், அவ்வளவுதான் அலங்காரம். ஜெர்மனியில் விட்ரா நாற்காலி ஆலை 1981இல் எரிந்தது. பிறகு அந்த ஆலைக்கென்று ஜஹா ஹதீத் கட்டிய தீயணைப்பு நிலையம் 1993இல் திறந்தது. கூர்கூரான கான்கிரீட் சுவர்கள். உலகம் முழுக்கப் படம் பரவிய கட்டடம். கொஞ்ச காலத்தில் வீரர்கள் போய்விட்டார்கள். இப்போது அங்கே கண்காட்சிகள் நடக்கின்றன. பாதுகாத்திருக்கிறார்கள்தான், குறை சொல்ல முடியாது. ஆனாலும் என் மனம் அந்த 4 பக்கமே சாய்கிறது.

*

2012 ஜனவரி, பொங்கல் முடிந்தும் முடியாத நாள். சென்னையில் சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தில் நவாபுகளின் கலச மகால் எரிந்தது. அணைக்கப் போனவர்களில் ஒருவர் இறந்தார், சிலர் காயப்பட்டார்கள். பிறகு பொதுப்பணித் துறை பொறுமையாக அந்த மகாலை மீட்டெடுத்தது. இப்போது பார்த்தால் எரிந்த கட்டடம் என்றே தோன்றாது. நல்ல வேலை.

தீயை அணைக்கப் போனவர்கள் எந்த நிலையங்களிலிருந்து புறப்பட்டுப் போனார்கள், அங்கே தரை எப்படி, பூட்ஸ் வைக்கும் இடம் எது, இரவுப் பணியில் இருப்பவர் கண்ணயரும் அறைக்குக் காற்று வருமா? இதையெல்லாம் யாராவது வரைந்து வைத்திருப்பார்களா என்று யோசித்தேன். அரண்மனைக்கு வரைபடம் உண்டு. அதைக் காப்பாற்றப் போனவர் கிளம்பிய வாசலுக்கும் ஒன்று இருந்தால் நன்றாயிருக்கும்.

*

திருவான்மியூரில் வீடு கட்டியவர்களுக்குத் தெரிந்த கதைதான் தீயணைப்பு நிலையத்துக்கும்: இங்கே இரும்பைத் தின்ன நெருப்பு வேண்டாம், உப்புக்காற்றே போதும். ஜன்னல் கிரில், ஏசி வெளிப்பெட்டி, மொட்டைமாடிக் கம்பி என்று வரிசையாகப் போகும். கான்கிரீட்டுக்குள் புதைந்த கம்பியும் தப்பாது. உப்பு மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் மேலிருக்கும் கான்கிரீட்டை வெடிக்க வைத்துத் தள்ளும். முதலில் சன்ஷேடு ஓரத்தில் ஒரு மயிரிழை விரிசல், பிறகு பழுப்புக் கறை, அப்புறம் ஒரு நாள் கீழே ஒரு கட்டி.

கொத்திப் பூசிட்டாப் போதும் சார் என்பார் மேஸ்திரி. போதாது. பூசிய இடம் நன்றாக இருக்கும். அதை ஒட்டிய பழைய கான்கிரீட்டில் உப்பு தங்கியிருப்பதால், அங்கே துரு முன்னைவிட வேகமாகப் பிடிக்கும். உப்பேறிய கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால்வரை கொத்தி எடுக்க வேண்டும். துருவைச் சுரண்டி, தேய்ந்த கம்பியோடு புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, பழைய சன்ஷேடின் மெலிந்த விளிம்பு தடித்துப்போகாமல் திரும்ப வார்க்க வேண்டும். செலவும் அதிகம், நாளும் அதிகம். அதைவிட, மேலே ஏசிபி எனும் அலுமினிய ஷீட் அடித்து மூடுவது சுலபம். ஷீட்டுக்குப் பின்னால் துரு நிம்மதியாக வளரும். பளபளக்கும் முகப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது.

தீயணைப்பு வண்டிகளும் வருஷத்துக்கு வருஷம் பருக்கின்றன. பழைய லாரியின் அளவுக்கு விட்ட வாசலில் புது வண்டி உரசும். வாசலை அகலப்படுத்தத் தூணைத் தொட வேண்டும். தூணைத் தொட்டால் மொத்தத்தையும் இடித்துவிடலாம் என்ற பேச்சு எழும். பெரிய வண்டிக்குப் பக்கத்தில் தனிக் கொட்டகை போட்டுவிட்டு, பழைய வாசலைச் சின்ன வண்டிக்கும் ரப்பர் படகுக்கும் விடலாம். 2015 வெள்ளத்தில் படகு எவ்வளவு பெரிய வண்டி என்று அடையாற்றுக் கரைக்காரர்களுக்குத் தெரியும்.

*

ஏப்ரல் 14. வீட்டில் மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ. சித்திரைப் பிறப்பு நமக்கு. தீயணைப்புத் துறைக்கு அது நீத்தார் நினைவு நாள். 1944இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் எரிந்தது. பருத்திப் பொதிகளோடு வெடிமருந்தையும் ஏற்றியிருந்த கப்பல். அணைத்துக்கொண்டிருக்கும்போதே வெடித்துச் சிதறியது. தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் போனார்கள். நாடெங்கும் நிலையங்களில் அன்று மலர்வளையம் வைக்கிறார்கள். இத்தனை வருஷம் அந்தக் காலைகளில் புத்தாடை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறேன். வழியில் நின்றதில்லை.

*

இன்று மாலை ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு, நிலையத்தின் சன்ஷேடை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கறை இருக்கிறதா, ஜாலியை எந்தக் காலத்தில் வைத்திருப்பார்கள் என்று ஏதேதோ யோசனை. உள்ளேயிருந்து காக்கி அணிந்த இளைஞர் ஒருவர் வந்தார்.

"என்ன சார் பாக்கறீங்க?"

சொன்னேன். பழைய கட்டடங்கள், பாதுகாக்க வேண்டியவை என்று கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிட்டேன் போல. மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"நல்ல விஷயம் சார். வண்டிய மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கறீங்களா? கேட்டுக்கு நேரா நிக்குது."

ஸ்டாண்டை எடுத்து, ஸ்கூட்டரைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போனேன்.